இயந்திரத்துக்குச் சொன்ன தேதி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பெண் படிவத்தில் தேதி எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மூன்று வருடம் தள்ளி எழுதியிருந்தாள். "வேலைக் கோளாறுங்க" என்றாள். ஒரு மருத்துவமனையின் பழைய பெருங்கணினிக்குப் பொய்த் தேதி சொல்லி, அதன் நிரல்களைச் சோதிப்பது அவள் வேலையாம். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'குளிரூட்டிய அறையில் காலம் உறைந்து'

வேண்டாம். அந்தக் கணினி அறையில் உறைந்தவை அவளுடைய கால்விரல்கள்தான்.

ஒழுங்காகச் சொல்கிறேன். அவளுக்கு ஒரு தங்கை. ஆகவே அவளை அக்கா என்போம். இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, தங்கையின் மார்பிலிருந்து புற்றுக்கட்டியை எடுத்தார்கள். ஐந்து வருடம் அது திரும்பாவிட்டால், 'கண்காணிப்பு முடிந்தது' என்று மருத்துவமனை கடிதம் அனுப்பும். அந்தக் கடிதத்தை அனுப்பும் நிரலைத்தான் அக்கா சோதித்துக்கொண்டிருந்தாள். (அதே மருத்துவமனையா என்பீர்கள். ஊரில் வேறு பெரிய மருத்துவமனை இல்லை, போதுமா?)

3

சோதனைக்குத் தருவது உண்மைப் பதிவேட்டின் நகல். பெயர்களை அழித்துவிடுவார்கள், பதிவு எண்கள் அப்படியே இருக்கும். தெரிந்தவர்களின் எண்ணைத் தேடக் கூடாது என்பது விதி. அக்கா ஒருநாளும் தேடியதில்லை. ஆனால் மறுநாள் தங்கையின் ஸ்கேன் முடிவு வருகிறது. மனசு கேட்கவில்லை.

ஐந்து வருடம் நிறையும் நாளாக, மூன்று வருடம் தள்ளி பிப்ரவரி 28 என்று இயந்திரத்துக்குக் கொடுத்தாள். கடிதப் பட்டியல் வந்தது. தங்கையின் எண் இல்லை. மார்ச் 1 என்று கொடுத்தாள். அதிலும் இல்லை.

[இங்கே 'விதி' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.] யார் இருப்பார், யார் போவார் என்று இயந்திரத்துக்கு என்ன தெரியும்? அதற்குத் தெரிந்தது கூட்டல் மட்டும். இது அக்காவுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து தேடினாள்.

4

ஒருமுறை ஒரு கமாவை விட்டுவிட்டு இயந்திரத்தையே படுக்கவைத்ததால் 'கமா' என்று பெயர் வாங்கிய நிரலாளர் வந்து பார்த்தார்.

"வருஷத்தோட அஞ்சைக் கூட்டுது. பிப்ரவரி இருபத்தொம்பதுன்னு வருது. அந்த வருஷத்துல அப்படி ஒரு நாளே கெடயாது. அதான் ஆளையே விட்டுடுது. எப்படிங்க புடிச்சீங்க?"

"சும்மா பாத்தேன்."

"சும்மாவா?" அவர் அதற்கு மேல் துருவவில்லை. "சரி, இருபத்தெட்டுன்னு வெக்கவா, மார்ச் ஒண்ணுன்னு வெக்கவா?"

இந்த இடத்தில் எனக்கு அக்கா மேலேயே சந்தேகம். ஒழுங்கான சோதனைக்காரி, டாக்டர்களைக் கேளுங்கள் என்றிருப்பாள்.

"மார்ச் ஒண்ணு," என்றாள் அக்கா. "ஒரு நாள் கூட இருக்கட்டுமே."

5

திருத்திய நிரலை ஓட்டினார்கள். எண் வந்தது. சோதனைத் தாளை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

இனி முடிவு. அ) ஸ்கேன் சுத்தம். ஆ) மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தங்கையிடம்

இல்லை. இந்தப் பகுதியின் தலையில் நானும் ஒரு தேதியைப் போடலாம். மூன்று வருடம் தள்ளிப் போட்டால் கதை மறுபேச்சில்லாமல் அங்கே போய் நிற்கும். அந்த வசதிதான் பயமாக இருக்கிறது.

மாலையில், அக்கா அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன், தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு."

"தேதிய ஒழுங்கா போட்டியா? போன தடவ மாதிரி சொதப்பாத."

அக்கா எழுந்து போய் மேலாளரிடமிருந்து விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினாள். நாளும் மாதமும் சரி. வருடம் மூன்று தள்ளி இருந்தது. காரணம் என்ற இடத்தில், அவள் கையெழுத்திலேயே: 'தங்கையுடன் மருத்துவமனை செல்ல.'

அந்த வருடத்தை அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அடித்தாள். இந்த வருடத்தை எழுதினாள்.

எனக்குத் தெரிந்த தேதி அதுவரைதான். மேலே தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதுங்கள்.