மறுபக்கத்து ஆள்

ஹரிசங்கர் சாருக்கு அந்த விதிமேல் அப்படியொரு பக்தி. சங்கரன்கோவிலில் அவர் நடத்தும் சமுதாய வானொலிக்கு உரிமம் கிடைத்தபோதே, எந்தக் கட்சிப் பக்கமும் சாயக் கூடாதென்று அரசாங்கம் சொல்லிவிட்டதாம். சார் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். ஊர் விவகாரம் எதுவானாலும் இந்தப் பக்கம் ஒருத்தர் பேசினால் அந்தப் பக்கமும் ஒருத்தர் அதே அளவு நேரம் பேச வேண்டும். மறுபக்கத்து ஆள் கிடைக்காவிட்டால் நிகழ்ச்சியே கிடையாது.

"ஊருணியில தண்ணி இல்லைன்னு ஒருத்தர் சொன்னா, இருக்குன்னு சொல்லவும் ஒரு ஆளைத் தேடணுமா சார்?" என்று சண்டைக்கு நிற்பாள், கடையநல்லூரிலிருந்து வேலைக்கு வரும் ரூபியா.

"தேடத்தான் செய்யணும். இல்லைன்னா நாளைக்கு நமக்குப் பிடிச்சவன் மட்டும்தான் பேசுவான்" என்பார் சார்.

கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படும். என்ன செய்ய?

அறிவிப்பாளர் பொன்செல்வி மட்டும் இந்தச் சண்டையில் வாயே திறக்க மாட்டாள். அந்த விதியால் புருஷனைப் பிரிந்து நிற்பவள் அவள். புருஷன் வெங்கடேஷ் கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது, வானொலிக்காரி ஓட்டுக் கேட்டுத் தெருவில் போகக் கூடாதென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவன் தோற்றான். பெண்டாட்டியே கூட வரவில்லை, ஊர் எப்படி ஓட்டுப் போடும் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசினார்கள். கரிவலம்வந்தநல்லூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனவன் போனவன்தான். இரண்டு வருஷம் ஆயிற்று. இவளும் வீம்புக்காரி, கூப்பிடவில்லை. ஆனால் தெருவில் பைக் சத்தம் கேட்டால் போதும், அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பைத்தியம்!

இந்த வாரம், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாமா என்று விவாதம். கொண்டுபோகலாம் என்று குற்றாலநாதன் அண்ணாச்சி வந்து நீட்டி முழக்கிப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார். கூடாது என்று பேச யார்?

"வெங்கடேஷ் அண்ணனைக் கூப்பிடுங்கக்கா. அவங்க கட்சி வேண்டாம்னுதான சொல்லுது" என்றாள் ரூபியா, ஒன்றும் தெரியாதவள்போல.

பொன்செல்வி, ஊரில் வேறு ஆள் உண்டா என்று யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் போனை எடுத்தாள். "வானொலியிலருந்து பேசுதேன்" என்றபோது குரல் யாருடையதோபோல் இருந்தது. "வாரேன்" என்றான் வெங்கடேஷ். ஊரே திட்டும் விதி அன்றைக்கு அவளுக்குத் தேனாக இனித்தது.

வந்தான். இளைத்திருந்தான். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, ஆஸ்பத்திரிக்கு வரும் கிராமத்து ஆட்கள் படப்போகும் பாட்டைச் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டான்.

"இன்னும் நேரம் இருக்கு. அவுக பேசின அளவு நீங்களும் பேசணும்" என்றாள். அண்ணாச்சியின் பேச்சை வெட்டிச் சரிக்கட்டலாம் என்பது அவளுக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரம் அவன் எதிரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அவன் மைக்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அப்ப ஒண்ணு கேக்கேன். அன்னைக்கி நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வானொலிக்காரி தன் பக்கத்தை மைக்குக்கு முன்னால் சொல்லக் கூடாது. பொன்செல்வி பதிவை நிறுத்தினாள்.

"ஒங்களுக்குத்தான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"கேட்டியளா? ஊரு சொன்னதைக் கேட்டிய. எம் பக்கத்தைக் கேட்டியளா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஊரில் உள்ள அத்தனை பேர் பக்கத்தையும் தேடித் தேடிப் பதிவு செய்தவள். அவள் பக்கம் என்னவென்று கேட்க ஒரு ஆள் இருந்ததில்லை.

வெங்கடேஷ் எழுந்து கதவுவரை போனான். அங்கேயே நின்றான்.

"இது எப்ப வரும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"கரிவலத்துல ஸ்டேஷன் சரியா எடுக்காது. வீட்டுக்குள்ள இரைச்சல்தான். மொட்டை மாடிக்குப் போனா ஒங் குரல் கொஞ்சம் கேக்கும்."

மாடி ஏறிக் கேட்டிருக்கிறான்.

"அப்ப இங்கனயே இருந்து கேளுங்க" என்றாள்.

அவன் கையை நீட்டினான்.

"வீட்டுச் சாவியக் குடு."