வாசலில் இறைத்த கேப்பை

என் புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே, என் நாத்தனார் வீரம்மாள் எங்கள் வாசலில் கேப்பையை இறைத்தாள். முறத்தில் ஒரு படி கேப்பையை வைத்துக்கொண்டு, வாசற்படியிலிருந்து தெருமுனை வரைக்கும் விதைக்கிற மாதிரி வீசிக்கொண்டே போனாள். எதற்கு என்று கேட்டால் எங்கள் காலனியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தானாக உயிரை விட்டவன், விதித்த வயசு முடிகிறவரை அலைவான். வீட்டுக்கு வரப் பார்ப்பான். வாசலில் கேப்பை கிடந்தால் ஒவ்வொரு மணியாக எண்ணிப் பொறுக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க முடியும். எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

"நாப்பத்தோரு வயசுல போய்ட்டான். ஜோசியரு எழுவத்திரெண்டுன்னு எழுதிக் குடுத்தாரு. இன்னும் முப்பத்தோரு வருஷம், அம்சா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். செத்தவர் அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளே அவருக்குக் கதவைச் சாத்துகிறாள்.

முறத்தைப் பிடுங்கி அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போய்விட்டது.

என் புருஷன் பெயர் நெடுஞ்செழியன். திண்டிவனத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. மயிர் கனத்துக் கம்பியைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டு, முப்பது வயசிலேயே தடித்த கண்ணாடி போட்டவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் காலனியில் முதல் ஆளாக பௌத்தம் ஏற்றார். மதம் மாறுகிறவர்கள் எடுக்கிற இருபத்திரண்டு உறுதிமொழியையும் மைக் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தவர் அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் பிண்டம் வைக்கவில்லை. எந்த வீட்டில் சாவு என்றாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எவர்சில்வர் கூஜாவும் ஒரு கிண்ணமுமாகப் போய் நிற்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பஞ்சசீலம் வாசிப்பார். கூஜாத் தண்ணீரைக் கிண்ணம் நிரம்பி வழிகிறவரை வீட்டாரை ஊற்றச் சொல்வார். செத்தவருக்கு நம் புண்ணியத்தைக் கொடுக்கிற சடங்கு அது. "அழுவுறவங்க அழுவட்டும். யாரும் பயப்பட வேணாம்" என்பார்.

ஊர்ச் சாவுக்கெல்லாம் ஓடியவருக்கு வாசிக்க ஒருத்தரும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பைத் தெருவுக்குள் விடவில்லை. அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், பொழுது சாய்வதற்குள் மண்ணைத் தள்ளி மூடினார்கள். அவர் செல்போனையும் கண்ணாடியையும் போலீஸ்காரர்கள் கேஸுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நானே சரியாகப் பார்த்ததில்லை. வேறு யாரையோ புதைக்கிற மாதிரி இருந்தது.

எனக்கு முதல் கோபம் அவர் மேல்தான். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவனுக்குப் பெண்டாட்டி எதற்கு, பிள்ளை எதற்கு? ஆனால் அவர் சொல்லாமல் போகவில்லையே. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "உள்ள ஒரே இருட்டா இருக்கு அம்சா" என்பார். "கரண்டு வேல பாக்குறவன் பேசுற பேச்சாய்யா இது? போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று நான் சிரித்தேன். ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு மாசம் சாப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சல் மாத்திரையாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அந்த வாயை இப்போது எதைக் கொண்டு அடிப்பது?

எங்கள் மகள் கலைப்பிரியாவுக்கு ஒன்பது வயசு. சாவு நடந்த நாளிலிருந்து அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. நான் எழுந்து பார்க்கும்போதே அங்கே குந்தியிருப்பாள். தலை குனிந்தே இருக்கும். சோறு போட்டால் இரண்டு வாய். பள்ளிக்கூடம் என்றால் தலையை ஆட்டிவிடுவாள். அத்தை சொன்னதைக் கேட்டுப் பிள்ளை பயந்துவிட்டது, அப்பன் பேயாக வந்துவிடுவான் என்று காவல் காக்கிறது என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அப்பா இப்ப எங்க இருக்காரு?"

பதினாறாம் நாளுக்குள் இவளுக்கு ஒரு பதில் வேண்டும். இல்லையென்றால் இந்தப் பிள்ளையும் என் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு நடுவில் வாசல் கேப்பை தினமும் குறைந்துகொண்டே வந்தது. காலையில் பார்த்தால் வாசற்படிப் பக்கம் சுத்தமாக இருக்கும். வீரம்மாள் அலறுவாள். "வந்துட்டான் பாரு! எண்ணிப் பொறுக்கிக்கினு வர்றான்!"

"கோழி தின்னுருக்கும், அண்ணி."

"எந்தக் கோழி இப்புடி ஒண்ணு உடாம தின்னும்?" என்று மறுபடியும் ஒரு படி கொண்டுவந்து இறைப்பாள். அதைப் பார்த்துப் பிள்ளை முகம் சுருங்கிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்தாம் நாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் எங்கள் பௌத்த சங்கத்தின் கூடம் இருக்கிறது. சங்கத்துத் தலைவர் புகழேந்தி, என் புருஷனோடு பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். பக்கத்தில் ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். பந்தே என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம். முப்பது வயசுதான் இருக்கும். இலங்கையில் படித்தவர் என்றார்கள்.

"பந்தே, அவரு இப்ப எங்க இருக்காரு? எம் பொண்ணுக்குச் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "பொய் சொல்ல எனக்கு அனுமதி இல்லைம்மா. உயிர் போற நேரத்துல மனசு எப்படி இருந்துச்சோ, அதை ஒட்டித்தான் அடுத்த பிறப்புன்னு சொல்லியிருக்கு. வேதனையில போன மனசு நல்ல இடத்துக்குப் போறது கஷ்டம். ஆனா வாழ்நாள்ல செஞ்ச நல்லதும் சேர்ந்து வரும். எது முந்தும்னு நம்மால சொல்ல முடியாது."

"கஷ்டம்னா, நரகமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"சரி, தண்ணி ஊத்துறோமே. அந்தப் புண்ணியமாவது அவருக்குப் போய்ச் சேருமா?"

"பசியோட அலையுற பிறப்பு ஒண்ணு இருக்கும்மா. அதுல இருந்தா சேரும். நரகத்துல இருந்தா எட்டாது. மனுஷனா பிறந்துட்டா அது தேவைப்படாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பே இல்லை. "அப்போ அவரு பேயா அலைஞ்சாத்தான் எங்க தண்ணி எட்டும். இதைத்தானே எங்க நாத்தனாரும் சொல்றா? அவ கேப்பை இறைக்கிறா, நீங்க தண்ணி ஊத்தச் சொல்றீங்க. இதுக்கா பன்னெண்டு வருஷம் அவரு தொண்ட கிழியக் கத்துனாரு?"

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவா பேசு" என்றார் புகழேந்தி. "இன்னொரு விஷயம். தப்பா எடுத்துக்காத. பதினாறாம் நாளை வீட்டோட முடிச்சிக்கலாம். கூடத்துல படம் தொறக்கறதெல்லாம் வேணாம். கொல்லாமைதான் நம்ம மொத சீலம். பொறுப்புல இருந்தவரே இப்படின்னா வெளிய நாலு பேரு நாலு விதமா பேசுவான்."

நான் திண்டிவனத்துக் கடலை மில்லில் மல்லாட்டைப் பருப்புப் பொறுக்குகிறவள். நாள் முழுக்க என் கை சொத்தையைத் தனியாக, உடைசலைத் தனியாக, நல்லதைத் தனியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மனுஷன் என் புருஷனை அந்த மாதிரித் தள்ளினார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"கெடார் கிராமத்துல அந்தக் காலேஜ் பொண்ணு இப்படிப் போனப்போ, மைக்ல அவரு என்னா சொன்னாரு அண்ணே? காய்ச்சல்ல போனா நோய்ன்றீங்க, மனசு நோயில போனா பாவம்ன்றீங்க, நோயாளிக்குத் தண்டனை குடுக்குற உலகம் ஒண்ணு இருந்தா அதக் கொளுத்தணும்னு சொல்லல? நீங்கதானே பக்கத்துல நின்னு கை தட்டுனீங்க? அன்னிக்கி நோய். உங்க சங்கத்து ஆளுன்னா மட்டும் சீலமா?"

புகழேந்தி தரையைப் பார்த்தார். கத்திவிட்டேனே தவிர, அந்த 'நோய்' என்கிற சொல் என்னையும்தான் அறைந்தது. கெடாரில் நானும் கூட்டத்தில் நின்று கை தட்டியவள். வீட்டுக்கு வந்து அவரை டீ குடிக்க அனுப்பியவளும் நான்தான்.

"நான் வர்றேம்மா" என்றார் பிக்கு. "ஆனா தெரியாததைத் தெரியும்னு பிள்ளைகிட்டச் சொல்ல மாட்டேன்."

"அப்போ வர வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். விக்கிரவாண்டி தாண்டுகிறவரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வர வேண்டாம் என்று சொல்லியும் பதினாறாம் நாள் காலையில் பிக்கு வந்தார். தனியாக டவுன் பஸ்ஸில் வந்து, காலனி முனையிலிருந்து நடந்து வந்தார். வந்தவரைத் துரத்த மனசு வரவில்லை. என் புருஷன் படத்துக்கு முன்னால் பாய் போட்டோம். தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். வீரம்மாள் உள்ளே வராமல் தெருவிலேயே முறத்தோடு நின்றாள்.

பிக்கு ஓதி முடித்துவிட்டு, என் புருஷனுடைய கூஜாவை எடுத்துக் கலைப்பிரியா கையில் கொடுத்தார். "கிண்ணத்துல ஊத்தும்மா."

அவள் ஊற்றவில்லை. கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"சாமி, கண்ணாடி இல்லாம எங்கப்பா எப்புடி எண்ணுவாரு?"

பிக்குவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எத எண்ணுவாரு, கலை?" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். அப்பாவுடைய டிபன் பாக்ஸைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து திறந்தாள். மூன்று அடுக்கிலும் கேப்பை. மண் இல்லை, கல் இல்லை. பருப்புப் பொறுக்கும்போது நான் எப்படிச் செய்வேனோ அப்படிச் சுத்தமாகப் பொறுக்கியிருந்தாள்.

"அப்பாக்குக் கண்ணாடி இல்லன்னா கிட்ட இருக்கறதே தெரியாதும்மா. கண்ணாடியப் போலீஸ் எடுத்துக்கினு போய்ட்டாங்க. அதான் நானே தெனமும் பொறுக்கிக்கினு இருந்தேன். வாசப்படி பக்கம் முடிச்சிடுவேன். முடிச்சா அத்தை மறுபடியும் போட்டுடுறாங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாத்தையும் பொறுக்கவே முடியலம்மா."

பதினாறு நாளாகப் பயந்து காவல் இருக்கிறாள் என்று நினைத்தேனே, பாவி. அவள் அப்பன் உள்ளே வர வழி செய்துகொண்டு இருந்திருக்கிறாள்.

தெருவில் முறம் விழுகிற சத்தம் கேட்டது. வீரம்மாள் அங்கேயே உட்கார்ந்து, "என் சாமி, என் சாமி" என்று தரையை அறைந்தாள். பதினாறு நாளில் அன்றுதான் அவள் பயத்தை விட்டுத் தம்பிக்காக அழுதாள்.

நான் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "இங்க பாரு கலை. அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. இந்தச் சாமிக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எவன் பேசுனாலும் நம்பாத. அப்பாக்கு மனசுல நோய். பெரிய நோய். அவரு சொன்னாரு, எனக்கு வெளங்கல. அவரு தப்பு பண்ணல, நீயும் தப்பு பண்ணல. இந்த வீட்டுக்கு வர்றதுக்கு அவரு ஒண்ணையும் எண்ண வேணாம். இனிமே இந்த வாசல்ல ஒரு மணி வுழுந்தா, போட்ட கைய நான் ஒடப்பேன்."

பிக்கு என்னைப் பார்த்தார். "அம்மா சொல்றது சரிதான். எனக்குத் தெரியாது" என்று பிள்ளையிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் கலைப்பிரியா கூஜாவை எடுத்தாள். கிண்ணம் நிரம்பி, தட்டு நிரம்பி, பாய் நனைகிறவரை ஊற்றினாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு யூனிபார்ம் போட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்தர் மேசையில் இருந்தவரிடம் பேரைச் சொல்லிக் கண்ணாடியைக் கேட்டேன்.

"கேஸ் முடியட்டும்மா. ஆளே போய்ட்டாரு, கண்ணாடி எதுக்கு இப்ப?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலைப்பிரியா முந்திக்கொண்டாள். "அது எங்கப்பாதுங்க. எங்க வூட்ல இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளையும் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளானாலும் பரவால்லங்க" என்றேன். "வாங்கிக்கினுதான் போவோம்."