குளிப்பாட்டாத உடல்

முல்லா அஜீஸ் வெந்நீரை மொண்டு ஊற்றக் கையை உயர்த்தியபோது ஹேரோ குறுக்கே போய் நின்றாள். பள்ளிவாசலில் இறந்த ஆண்களின் உடலைக் கழுவும் அறைக்குள் பெண்கள் வருவதில்லை. வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகரவில்லை.

"என் தம்பிய எதுக்குக் குளிப்பாட்டுறீங்க? ஷஹீதுக்குக் குளிப்பு உண்டா?"

போரில் உயிர்விட்ட ஷஹீதை உடுத்திய உடுப்போடு, ரத்தத்தோடுதான் அடக்குவார்கள். முல்லா சுவரோரம் நின்ற கமாண்டர் சர்கவுத்தைப் பார்த்தார்.

"ரேபாஸ் கார் விபத்துல போயிட்டான், தங்கச்சி" என்றார் சர்கவுத். "மேலிடத்துல அப்படித்தான் முடிவு."

ரேபாஸ் குர்துப் படையான பெஷ்மெர்காவில் வீரன். முந்தின நாள் விடியலில் வெளிநாட்டுச் சிறப்புப் படையோடு ஹெலிகாப்டரில் போனவன். தாயிஷ் தீவிரவாதிகள் கைதிகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தில் முதல் ஆளாக நுழைந்தவன். கூடப் போன பையன்கள்தான் அழுதுகொண்டே உடலை வீட்டில் இறக்கினார்கள். கைதிகள் மீட்கப்பட்டதைக் காலைச் செய்தியில் சொன்னார்கள். உள்ளூர்ப் படையிலிருந்து யாரும் போகவில்லையாம்.

"எந்த ஊர்க் காருங்க நெஞ்சுல சுடுது?"

"கோவப்படாதம்மா. ரெண்டு அரசாங்கம் பேசி வச்சது. நம்ம ஆளு போனது வெளிய தெரிஞ்சா, அடுத்த தடவை அவங்க உதவிக்கு வர மாட்டாங்க."

"கதவ உடைக்க எங்க வீட்டுப் பிள்ளைய முன்னால தள்ளத் தெரிஞ்சுது. செத்ததும் பேர் சொல்ல வாய் வரலையா?"

"உத்தரவு. நான் என்ன செய்ய?"

"நீங்க போனீங்களா அங்க?"

சர்கவுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

முல்லா தண்ணீரைப் பானைக்கே திருப்பி ஊற்றினார்.

"முல்லா!" என்றார் சர்கவுத்.

"நீங்க காகிதத்துல என்ன வேணா எழுதிக்குங்க, கமாண்டர். இந்தக் காயத்த நான் பார்த்துட்டேன். நாளைக்கு அல்லா கேட்டா காருன்னு சொல்லச் சொல்றீங்களா?" பிறகு ஹேரோவிடம் திரும்பினார். "பெல்ட்டும் பூட்ஸும் மட்டும் கழட்டணும்மா. நீயே கழட்டு."

ரத்தத்தில் இறுகிப்போயிருந்த பூட்ஸ் முடிச்சுகளை அவள் நகத்தால் நெம்பினாள். வலது பூட்ஸை இழுத்ததும் உள்ளிருந்து வெளிறிய மணல் கொட்டியது. அவர்களுடைய மலையூரில் எங்கும் இல்லாத பாலைவன மணல்.

அது ஈரத் தரையில் சரிந்து பரவியது. சர்கவுத் தன் பளபளத்த காலணிகளை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.