கேன்டீன் பக்கம்

கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பருக்கும் கேப்டனுக்கும் ஒரே வயது. கறாராகச் சொன்னால் கேப்டன்தான் மூன்று மாதம் மூத்தவன். ஆனால் உறவுமுறை யாரைக் கேட்டு வருகிறது? கோல்கீப்பர், கேப்டனுடைய அப்பாவுக்குக் கூடப்பிறந்த கடைசித் தம்பி. ஆக, சித்தப்பா. அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணி கையால் சாப்பிட்டு, கேப்டனோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவன். "வயசு என்னடா வயசு, முறைன்னா முறைதான்" என்று அண்ணி மகனைச் சின்னதிலேயே மிரட்டி வைத்திருந்ததால், மைதானத்தில் திட்டும்போதுகூடக் கேப்டன் மரியாதையாகத்தான் திட்டுவான்.

"சித்தப்பா, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா?"

அதைக் கேட்டுக் கேட்டு அணி முழுக்க அவனுக்குச் சித்தப்பா என்றே பெயர் வைத்துவிட்டது. எதிரணிக்காரன்கூட, "சித்தப்பா, பந்து வருது, பார்த்து!" என்று கிண்டலடித்தான்.

கிண்டலடிக்காமல் என்ன செய்வான்? அந்த சீசன் லட்சணம் அப்படி. முதல் பாதியில் வெளுத்துக் கட்டுவார்கள். இடைவேளை முடிந்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிடுவார்கள். ஒருத்தன்மேல் ஒருத்தன் முட்டிக்கொள்வான், ஆளில்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளுவான், எதிரணி சாவகாசமாக வந்து கோல் போட்டுவிட்டுப் போகும். ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. பழி யார் தலையில் விடியும்? வலைக்கு முன்னால் நிற்கிறவன் தலையில்தான்.

"ரெண்டாம் பாதியில உனக்குத் தூக்கம் வந்துடுதுடா" என்றார் மாஸ்டர். கோச்சை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசிக்கு முந்தின மேட்சில், இடைவேளையோடு சித்தப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு வேறொருவனை நிறுத்தினார். "கடைசி மேட்சுக்கும் இவன்தான்" என்றும் சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்கு இது கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் பந்தும் முடிந்தது. ஓட்டைக் கீப்பர் என்ற பெயரோடா போக வேண்டும்? அழுகையை விழுங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். கோலில் நிற்கும்போது பந்தைத் தவிர வேறெதையும் பார்க்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் தன் அணி இரண்டாம் பாதி ஆடும் அழகை ஓரத்திலிருந்து பார்த்தான். பார்த்து வாயைப் பிளந்தான்.

விஷயம் இதுதான். அவர்கள் கல்லூரி மைதானத்தில் ஒரு பக்கம்தான் கோல் கம்பம். மறுபக்கத்தைப் புதுக் கட்டடத்துக்கான செங்கலும் ஜல்லியும் பிடித்துக்கொண்டுவிட்டன. அதனால் பயிற்சி எப்போதும் ஒரே திசையில். அப்படி ஓடினால் வலப்பக்கம் கேன்டீன், இடப்பக்கம் லைப்ரரி. "வலது, இடதுன்னு கத்தினா எதிராளிக்குப் புரிஞ்சுடும்" என்று கேப்டன் ஒரு ரகசிய பாஷை கண்டுபிடித்திருந்தான். வலப்பக்கம் போக "கேன்டீன்!" இடப்பக்கம் போக "லைப்ரரி!" எந்த மைதானத்துக்குப் போனாலும் இதே கூச்சல். பதினோரு பேர் கேன்டீன், கேன்டீன் என்று அலறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பையன்களுக்குப் பசி என்று நினைத்தார்கள்.

முதல் பாதி வரை தொல்லையில்லை. பக்கம் மாறியதும்தான் வில்லங்கம். பாதிப் பேர், கேன்டீன் என்றால் எப்பவும் வலதுதானே என்று வலப்பக்கம் ஓடினார்கள். மீதிப் பேர், இப்போது திரும்பி நிற்கிறோமே, கேன்டீன் இடப்பக்கம் வந்துவிட்டதே என்று இடப்பக்கம் பாய்ந்தார்கள். நடுவே எதிரணிக்கு ராஜபாட்டை. புதுக் கீப்பரும் மூன்று கோல் வாங்கினான், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா இதைச் சொன்னான். கேப்டனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். என் பாஷை மேலயா பழி போடுறீங்க?"

"சரிடா, அந்த ஜன்னலைப் பார்த்து நில்லு. கேன்டீன் எங்க?"

கேப்டன் அலட்சியமாக வலது கையை நீட்டினான். சித்தப்பா அவன் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினான்.

"இப்ப எங்க?"

வலது கை பாதி எழும்பியது. பிறகு இடது கை. கடைசியில் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. துவைத்த துணியோடு உள்ளே வந்த அண்ணி, "எதுக்குடா போலீஸ்ல மாட்டின மாதிரி நிக்கிற?" என்றாள்.

கேப்டன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சித்தப்பாவுக்கே பரிதாபமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"மாஸ்டர் நான் சொன்னா நம்ப மாட்டார். சாக்குன்னுதான் நினைப்பார். நீதான் சொல்லணும்."

"சொன்னா சீசன் முழுக்கத் தோத்தது என்னாலன்னு ஆயிடுமே, சித்தப்பா."

"இப்ப என்னாலன்னு ஆகியிருக்கே, அது பரவாயில்லையா?"

மறுநாள் பயிற்சிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது கேப்டன் மாஸ்டர் முன்னால் போய் நின்றான். மென்று விழுங்கினான். "தூங்கினது சித்தப்பா இல்ல மாஸ்டர். நான்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பதா உதைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "போ, கையுறையை மாட்டு" என்றார்.

கடைசி மேட்ச், பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியோடு. முதல் பாதியில் கேப்டன் ஒரு கோல் போட்டான். பக்கம் மாறியது. "வலது!" என்று கத்தினான் கேப்டன். எதிரணிக்கும் கேட்டது, கேட்டால் என்ன? பத்துப் பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். "இடது!" பத்துப் பேரும் இடது. பந்து நடுக்கோட்டைத் தாண்டி வரத் திணறியது. சித்தப்பா குனிந்து, கைகளை விரித்து, காத்துக்கொண்டே நின்றான். கடைசிவரை ஒரு பந்துகூட அவனிடம் வரவில்லை. விசில் ஊதியாயிற்று. ஜெயித்தாயிற்று!

கோல் போட்டவனைத்தான் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சித்தப்பாவும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். உண்மையாகவே சந்தோஷம்தான். மனசின் ஓரத்தில் ஒரு சின்னக் குறை, அது இருக்காதா பின்னே?

வீட்டில் அண்ணி கதவைத் திறந்தாள். மகன் தலையிலிருந்து கால்வரை சேறு. கொழுந்தன் சட்டையில் பொட்டு அழுக்கில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, கடைசி மேட்சுலயும் உன்னை ஆட விடலையா?"

அவன் பதில் சொல்வதற்குள் கேப்டன் முந்திக்கொண்டான்.

"அவர் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு ஆடினதாலதாம்மா அந்தச் சட்டை அப்படி இருக்கு."