ஆளில்லாத லயம்

பரிசு அறிவிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஈப்போ மண்டபத்தில் இந்திராணியின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம்.

1979-ஆம் ஆண்டுப் போட்டியின் தலைப்பு 'கைவிடப்பட்ட இடங்கள்'. அவள் படத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லய வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. வாசலை மறைத்து வெண்மூட்டம். அதற்குள் முகமில்லாத ஒரு பெண்ணுருவம்.

"பாத்தாலே நெஞ்சு கனக்குதுலா," என்றார் புகைப்பட மன்றத் தலைவர் பழனியப்பன். "செத்தவங்க குடியிருக்கிற வீடு. எந்தத் தோட்டம்மா?"

"லகாட் பக்கம்," என்றாள் இந்திராணி, தரையைப் பார்த்து.

மூட்டம் என்பது கொசுமருந்துப் புகை. புகையடிக்க வந்தவர்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். அடுப்பில் குழம்பு கருகுமே என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடித் திரும்பிய அம்மா காளியம்மாதான் அந்த உருவம். அந்த வீட்டிலிருந்துதான் இந்திராணி தினமும் பஸ் ஏறி வேலைக்கு வருகிறாள். மன்றத்தில் மட்டும் ஈப்போவில் குடியிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். ஆள் வசிக்கும் வீடு என்று தெரிந்தால் படம் போட்டியில் இருக்காது. முதல் பரிசு ஒரு கேமரா. அவள் கையில் இருந்ததோ இரவல்.

"வராத வராதன்னியே, வந்துட்டேன்லா!"

மார்க்கெட் கூடையோடு காளியம்மா நின்றாள். நேரே படத்திடம் போனாள். இந்திராணி பின்னாலேயே ஓடினாள்.

காளியம்மா அந்த வாசலில் நின்று வெளியே பார்த்துப் பழகியவள். இப்படிப் புகை மூடி, கறுப்பு வெள்ளையில், அதைப் பார்த்ததில்லை.

"யாரு பெத்த பொண்ணோ, பாவம். நாதியத்துச் செத்திருக்கா."

இந்திராணிக்கு உயிர் வந்தது. பழனியப்பன் பூரித்துப்போனார். "பாத்தீங்களா? இதுதான் கலை!"

"என்ன கலையோ? ஒரு பூ வைக்க ஆளில்லயே இவளுக்கு." காளியம்மா செருப்பைக் கழற்றினாள். சாமிக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தைக் கூடையிலிருந்து எடுத்தாள். கூட்டம் உருகி வழிவிட்டது. ஒருவர் அதைப் படமெடுக்கக் கேமராவை உயர்த்தினார்.

சரம் சட்டத்தை நெருங்கியது. மனிதர்களில் செத்தவர் படத்துக்குத்தான் பூச்சரம் போடுவார்கள். இந்திராணி பௌதிகம் படித்தவள். சகுனம் பார்ப்பவள் அல்ல. ஆனாலும் அவள் கை எட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம்மா."

"ஏன் பாப்பா? செத்தவளுக்குப் பூ போட்டா உனக்கென்ன?"

"சாகலம்மா." இவ்வளவு சத்தமாக அவள் அந்த மன்றத்தில் பேசியதே இல்லை. "அது நம்ம வீடு. அது நீதான்."