பிளாஷ் விழாத இரண்டு முடிச்சு

என் தம்பி பாலகுரு கல்யாணத்தில் அக்காதான் தாலி முடிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். எங்கள் பக்கம் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் உடன்பிறந்தவள் போடுவாள். அவனுக்கு நான் ஒருத்திதான். ஆனால் என் புருஷன் ஊர்க்காவலன் போன சீசனில் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி மருந்து அறை வெடித்ததில் போய்விட்டார். தாலி இழந்தவள் கையால் தாலி முடிவதா என்று அம்மா தடுத்தாள்.

"அக்கா முடிச்சுப் போடலன்னா நான் கட்டவே மாட்டேன். ஊரு என்ன வேணா பேசட்டும்" என்றான் தம்பி.

அவர் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. கம்பெனியில் பெட்டி அடைக்கச் சொன்னால் அடைப்பேன், சோறு வைத்தால் தின்பேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்தக் கால் மாதிரி இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மழை தண்ணி பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஆனாலும் இந்த இரண்டு முடிச்சு எனக்கு வேண்டும் என்று இருந்தது. முடிச்சுப் போடும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது என்று தெரியும். பிறகு போட்டோவைப் பார்த்தாவது நானும் அங்கே இருந்தேன் என்று தெரிந்துகொள்ளலாம். போட்டோக்காரன் மாரிக்கண்ணனிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன்.

"நான் முடியுறது மட்டும் விழணும்யா. மத்தது எது போனாலும் போகட்டும்."

"அத விட்டுட்டு வேற என்னத்தக்கா எடுக்கப் போறேன்" என்றான்.

கல்யாணம் ஆமத்தூரில். அன்று காலை மாரிக்கண்ணன் நாரணாபுரத்தில் எங்கள் கம்பெனி பூஜையைப் படம் எடுத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். கம்பெனி கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். பளிச்சென்று அடிக்கிற சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது. அவனுடைய பெரிய பிளாஷையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். கேமராவோடு ஒட்டிப் பிறந்த சின்ன பிளாஷைக் கழற்ற முடியாதே, அதன்மேல் பழுப்பு டேப்பை ஒட்டிவிட்டார்கள். வெளியே வரும்போது செல்போனைக் கேட்டு வாங்கியவன் பெரிய பிளாஷை மறந்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன, எங்கள் ஊரில் கம்பெனி கேட்டில் எதையாவது வைத்துவிட்டு வராத ஆள் கிடையாது.

"ஓடிப் போயி எடுத்துட்டு வந்துரட்டா?" என்றான்.

"நீ வாரதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிரும். இருக்கிறத வச்சு எடுப்பா" என்றாள் அம்மா.

அவன் டேப்பை உரித்தான். "இதுலயும் எடுக்கலாம்க்கா. என்ன, ஒரு தடவ அடிச்சா அடுத்ததுக்குச் சார்ஜ் ஏற கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

மாலை மாற்ற, மாப்பிள்ளை தலையில் மாமன் உருமால் கட்ட, ஆசீர்வாத அரிசி எடுக்க என்று அவன் அடித்துக்கொண்டே இருந்தான். போகப்போக பிளாஷ் சோர்ந்துகொண்டே வந்தது. கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டபோது பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. நான் குனிந்தேன். கல்யாணப் பெண் இசைவாணியின் பிடரி வேர்த்திருந்தது, மஞ்சள் கயிறு விரலில் ஒட்டியது. இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. வெளிச்சம் வரவில்லை.

மாரிக்கண்ணன் பட்டனை அமுக்கிக்கொண்டே நின்றான். பிறகு கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான். "அடிக்கலக்கா. இன்னொரு தடவ முடியுற மாதிரி கைய வைங்க, எடுத்துக்கிறேன்."

அம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "சொர்ணலட்சுமி, நீ இங்கன வா" என்று என் சித்தி மகளைக் கூப்பிட்டாள். "போட்டோவுக்குத்தான, யாரு நின்னா என்ன."

சொர்ணலட்சுமி கை நிறைய வளையலோடு வந்தாள். நான் நகர்ந்து கொடுத்தேன். நகர்ந்துகொண்டே தம்பியைப் பார்த்தேன். அவன் ஏதாவது சொல்வான் என்றுதான் நினைத்தேன். அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு, முடிந்து கிடந்த கயிற்றின் நுனியைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தான். பிளாஷ் நன்றாகவே அடித்தது.

பந்தியில் மாரிக்கண்ணனைப் பிடித்தேன். "ஒண்ணுகூட விழலையா? இருட்டாவாச்சும்?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்தச் சின்ன பிளாஷ் ஏறலன்னா கேமரா எடுக்கவே எடுக்காதுக்கா. பெருசு இருந்தா அடுத்தடுத்து அடிச்சிருப்பேன். அது அடிக்கலன்னாலும் படம் இருட்டாவாச்சும் விழுந்திருக்கும்."

"சரி, சாப்பிடு" என்றேன்.

ஆல்பம் வந்த அன்று பக்கத்து வீட்டு முருகம்மாள் அத்தை பார்க்க வந்தாள். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான். இசைவாணி கதவோரம் நின்றாள்.

"நாத்தனார் முடிச்சு சொர்ணமா போட்டா? நல்லா அமைஞ்சிருக்கே" என்றாள் அத்தை.

"ஆமா, அவதான்" என்றாள் அம்மா.

போட்டோவுக்கு நின்றவள் என்றுகூடச் சொல்லவில்லை. தம்பி டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. இசைவாணி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், புதுப்பெண், தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் முடிச்சுப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலும் சுடுகாட்டுக்கு எடுத்தபோதும் வராத அழுகை, அடக்க அடக்க முட்டிக்கொண்டு வந்தது.

முருகம்மாள் அத்தை என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழுதுரு செல்வி. இப்பவாச்சும் அவன நெனச்சு அழுதியே, அதுவே போதும்." அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அவரை நினைக்கவில்லை. நான் போட்ட முடிச்சைப் பிடித்துக்கொண்டு தம்பி சிரித்தானே, அதை நினைத்து அழுதேன்.