பெருக்கில் எழும்பும் மேசை

ஆழ்வாப்பிள்ளை வீட்டு மேசைப்பலகை கடல் பெருகும்போது ஒரு சாண் எழும்பி, வற்றும்போது இறங்கிற்று. வல்வெட்டித்துறையில் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் தொடங்கியது. அந்த மார்கழிப் புயலில்தான் அவருடைய மகன் இளையதம்பி தோணியோடு காணாமற்போனான். கரைக்கு வந்தது ஒரு பலகை மட்டும். தோணிப் பலகையை அடுப்பில் வைக்க அந்தக் கரையில் யாருக்கும் மனம் வராது. மருமகள் இராசமலர் அதை இரண்டு பெட்டிகளின்மேல் கிடத்திச் சோற்றுப்பானையை வைத்தாள். பானை மெல்ல மேலே போனது. அவள் எட்டி எடுத்துச் சோறு போட்டாள், பசி பசிதானே.

பலகை மிதக்கும்வரை தோணி தாழவில்லை, தான் விதவையும் இல்லை என்றாள் இராசமலர். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமோ? ஆழ்வாப்பிள்ளைக்கோ வேறு கவலை. அந்தியேட்டிக் கிரியை இல்லாமல் மகன் தண்ணீரில் அலைகிறானே என்று பாவம், மனிதர் உருகிப்போனார். பெருக்கிலும் பலகை அசையாமல் நின்றால் மகன் போய்விட்டான் என்று மருமகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். அவளும் ஓம் என்றாள்.

பலகையைப் பிடித்து நிறுத்த, வயிரம் பாய்ந்த பனையில் நான்கு கால் இழைத்து, சுற்றிச் சட்டம் பூட்டி, ஆப்பு இறுக்கினார். ஆனால் ஆயுள் முழுக்கத் தோணி கட்டிய கை. தோணிக்குப்போலத் தண்ணீர் புகாதபடி மூட்டெல்லாம் பஞ்சடைத்து எண்ணெய் பூசிவிட்டது. சட்டமும் பலகையோடு சேர்ந்து ஒய்யாரமாக மிதந்தது.

"மேசைக்கு ஆர் அண்ணை பஞ்சடைக்கச் சொன்னது?" என்றான் பக்கத்து வீட்டு ஏரம்பு.

"கை கேக்குதில்லையடா."

வருடங்கள் போயின. கடைசியில் கால்களை வீட்டுத் தரைக்குள் ஆழ இறக்கி, குறுக்குச் சட்டங்களை நான்கு சுவர்களுக்குள்ளும் செருகினார். தன் தாலியை வாங்கப்போகும் மரத்தை அறுக்க, ஈர்வாளின் மறுமுனையை இராசமலரே பிடித்தாள். அழுதுகொண்டுதான் பிடித்தாள்.

பெருக்கு வந்தது. பலகை அசையவில்லை.

"நிண்டிட்டுது, பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. இராசமலரின் கை தாலிக்குப் போனது. அப்போது முற்றத்தில் நின்ற ஏரம்பு கத்தினான்: "ஐயோ அண்ணை, வீடெல்லோ எழும்புது!"

நிலத்துக்கும் அத்திவாரத்துக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். சட்டம் அத்தனை உறுதி. ஆழ்வாப்பிள்ளை நெடுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொட்டை அழிக்காதை, பிள்ளை. சோத்தைப் போடு. அவனுக்கும் வை."

அதன்பின் பெருக்கு நேரத்தில் வருகிறவர்கள் காலைத் தூக்கி வைத்து உள்ளே ஏறினார்கள். வற்றுமுன் வீட்டின் கீழிருந்து கோழிகளை விரட்ட வேண்டியிருந்தது, வேறு தொல்லை இல்லை. நாற்பத்து நான்கில் ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடினார். அது நல்ல பெருக்கு. வீடு இறங்கட்டும் என்று சனம் வெற்றிலை போட்டுக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தது. கொள்ளி வைக்க மகன் எங்கே என்று வெளியூர்க் குருக்கள் கேட்டார்.

"அவர் கடலிலை நிக்கிறார்," என்றாள் இராசமலர்.

உள்ளே நின்ற குருக்கள் தன் காலடியில் வீடு இறங்குவதைப் பார்த்தார். சரி என்று கொள்ளியை ஏரம்புவிடம் கொடுத்தார்.